மூன்று சதவீதம் இணக்கி

ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத பொருள்களைச் சேர்த்துவைத்து, அதன்மேல் ஊராரையும் உட்காரவைத்த பெருமை, இந்த நூற்றாண்டில் பாளையங்கோட்டைக்கு வெளியே நாற்கரச் சாலையோரம் நிற்கும் 'பொருநை நெகிழி மறுபிறவி மைய'த்தையே சாரும். மையத்தின் முகப்பில் கல்வெட்டிலேயே அப்படித்தான் பொறித்திருக்கிறது. வாசகத்தை எழுதியவர் இயக்குநர் முனைவர் விஸ்வேஸ்வரன். அவர் முனைவர் பட்டம் வாங்கியது கோப்பு மேலாண்மையில். நெகிழியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சிலர் பேசிக்கொள்வார்கள். அது அவதூறு. நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மையத்தின் வேலை சிக்கலில்லாதது. முக்கூடலிலிருந்து சீவலப்பேரி வரை ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பால் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் அள்ளிக்கொண்டு வந்து, கழுவி, நொறுக்கி, உருக்கி, பலகையாக வார்க்க வேண்டும். அந்தப் பலகையில் பேருந்து நிறுத்தங்களுக்கு இருக்கை செய்ய வேண்டும். தைப்பொங்கலுக்குள் நூறு இருக்கை என்று தலைமையகத்திலிருந்து ஆணை வந்திருந்தது. இயக்குநர் அதற்குச் 'சமத்துவ இருக்கை' என்று பெயர் சூட்டினார். பால் பை பாதி, பாட்டில் பாதி. ஏன் சரிபாதி என்று கேட்டதற்கு, எந்தத் தரப்புக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது பாருங்கள் என்று பதில் வந்தது.

அப்படிக் கேட்டவள் யூனிஸ். மையத்தின் தரச் சோதனைக் கூடத்துக்கு அவள்தான் அலுவலர், அவள்தான் உதவியாளர், மின்விசிறி ஓடாத நாளில் மின்பணியாளரும் அவள்தான். பாலிமர் வேதியியல் படித்தவள். அந்தப் பாடத்தைப் படித்தவர் மையத்தில் வேறு யாரும் இல்லாததால், தொழில்நுட்பக் குழுவில் அவள் எப்போதும் சிறுபான்மையாகவே இருந்தாள். ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் அறிவியல் தோற்றுப்போகும். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் முந்திரிப் பக்கோடா வரும்.

முதல் பலகை ஆறியதும் உருக்கு மெஷினை ஓட்டும் அலி அஸ்கர் அதைச் சோதனைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலப்பாளையத்துக்காரர். இருபது வருடமாக மெஷினோடு புழங்கியவர். பலகை பார்க்க அழகாகவே இருந்தது. இளம்பச்சை நிறம், பளபளப்பு. யூனிஸ் அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து வளைத்தாள். வாழை மட்டை உரிவதுபோல அது ஏடு ஏடாக உரிந்து வந்தது. உடைந்த முகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பணியாரம் எடுத்த பிறகு பணியாரச் சட்டி இருக்குமே, அப்படி வழவழவென்று குழிகுழியாகத் தெரிந்தது. பாட்டில் பொருள் உருண்டை உருண்டையாகத் திரண்டு தனியே நின்றிருக்கிறது. பால் பைப் பொருள் அதைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதே தவிர, எங்கேயும் பிடிக்கவில்லை. இழுத்ததும் உருண்டைகள் கழன்று விழுந்துவிட்டன.

அலி அஸ்கருக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தான் உருகுது, ஒண்ணாத்தான் ஓடுது மேடம். ஆறுனதும் அதது அதது சோலியப் பாத்துப் போயிருது" என்றார்.

அதற்கு மருந்து இருக்கிறது என்று யூனிஸ் அவரிடம் சொன்னாள். குருணையாக மூட்டையில் வரும். எண்ணெய்ச் சட்டியைக் கழுவும்போது சோப்பு ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறதல்லவா, அதே மாதிரி இந்தக் குருணை ஒரு பக்கம் பால் பையையும் மறுபக்கம் பாட்டிலையும் பிடித்துக்கொள்ளும். உருக்கும்போது நூற்றுக்கு மூன்று பங்கு சேர்த்தால் போதும். அலி அஸ்கர் கேட்டுவிட்டு, அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான்.

அலுவலகக் குறிப்பு எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. அந்தக் குருணைக்குத் தமிழில் என்ன பெயர் என்று கண்காணிப்பாளர் கோமு இரண்டு அகராதிகளைப் புரட்டினாள், எதிலும் இல்லை. இணங்காததை இணங்க வைப்பதால் 'இணக்கி' என்று அவளே ஒரு சொல்லை உண்டாக்கினாள். நல்ல சொல்தான். யூனிஸுக்கும் பிடித்திருந்தது. 'கலவையில் மூன்று சதவீதம் இணக்கி சேர்க்கப்பட வேண்டும். சேர்க்காவிட்டால் இருக்கைகள் உடையும்' என்று இரண்டே வரியில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குறிப்பைப் படித்த இயக்குநரின் முகம் வாடிவிட்டது. பதினோரு வருடம் இந்த மையத்தைத் தன் குடும்பம்போல நடத்தி வருகிறார். இங்கே இணக்கம் இல்லை என்று ஒரு பெண் எழுத்தில் கொடுத்துவிட்டாளே. உடனே கூட்டம் கூட்டினார். யூனிஸ் சோப்பு உதாரணத்தை மறுபடியும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டு, குறிப்பேட்டில் 'சோப்பு' என்று எழுதி அடிக்கோடும் இட்டார். பிறகு கோப்பு தலைமையகத்துக்குப் போனது. வெறும் இரண்டு வரியை அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று கோமு அதற்கு ஒரு முகப்புக் கடிதம் தயாரித்திருந்தாள். மையத்தில் 'இணக்கம் குறைந்து காணப்படுவதாகவும்', அதன் காரணமாக 'இருக்கைகள் ஆட்டம் காணும் சூழல் நிலவுவதாகவும்' அதில் கண்டிருந்தது. இருக்கைகள் ஆட்டம் காணும் என்றதும் தலைமையகத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமாக எட்டு மாதம் ஆகும் பதில் பத்தொன்பதே நாளில் வந்துவிட்டது. கோரிக்கை ஏற்கப்பட்டது. இணக்கி அனுப்பப்படுகிறது. திங்கட்கிழமை காலை பெற்றுக்கொள்ளவும்.

யூனிஸுக்கு நம்பவே முடியவில்லை. அலி அஸ்கர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து மெஷினின் வாயைத் துடைத்து, மூட்டை இறக்கத் தரையில் தார்ப்பாயும் விரித்து வைத்தார்.

திங்கட்கிழமை ஒரு கார் வந்தது. அதிலிருந்து, காதோரம் மைக் பொருத்திய ஒருவர் இறங்கினார். பெயர் ஸ்ரீராகவ், நிறுவன இணக்க வல்லுநர். நாலு மாநிலங்களில் முப்பதாயிரம் ஊழியர்களை இணக்கியவர் என்று அவருடைய அட்டையிலேயே அச்சடித்திருந்தது. இயக்குநர் பொன்னாடை போர்த்தி, தலைமையகம் அன்போடு அனுப்பிய இணக்கி இவர்தான் என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தார்.

அலி அஸ்கர் அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தார். மெஷினையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மிகுந்த பணிவோடு, "சார், இவியள எந்த வாய் வழியா போடணும்?" என்று கேட்டார்.

பயிற்சி மூன்று நாள் நடந்தது. மூன்று சதவீதம் என்பதைத் தலைமையகம் அந்த மட்டிலாவது சரியாகப் பிடித்திருந்தது. ஸ்ரீராகவ் தன் தொழிலில் குறை வைக்கவில்லை. ஊழியர்களை 'பால் பை', 'பாட்டில்' என்று இரண்டு அணியாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கச் சொன்னார். கட்டிப்பிடிக்கச் சொன்னபோது கோமு முறைத்த முறைப்பில், ஒரு கைக்குட்டையை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டால் போதும் என்று இறங்கி வந்தார். யூனிஸிடம் அவள் பாட்டில் மாதிரி விறைப்பாக இருப்பதாகச் சொன்னார். வேதியியல்படி அது பிழையில்லாத கூற்று என்பதால் அவளால் மறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை எல்லோரும் கைதட்டிக்கொண்டே அழுதார்கள். சிலர் அழுவதைச் சிலர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். இருப்புப் பதிவேட்டில் கோமு முறைப்படி எழுதிவைத்தாள்: 'இணக்கி: வரவு ஒன்று. பயன்படுத்தப்பட்டது. மீதம் இல்லை.'

யூனிஸ் இரண்டாவது குறிப்பு எழுதினாள். இந்த முறை குருணை, மூட்டை, கிலோ என்று எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் எழுதினாள். ஒரே ஆண்டில் ஒரே பொருளை இரு முறை கோர விதியில் இடமில்லை என்று அது இரண்டு நாளில் திரும்பி வந்தது.

மெஷின் நிற்கவில்லை. சமத்துவ இருக்கைகள் வரிசையாக வெளியே வந்து முற்றத்தில் அடுக்கப்பட்டன. யூனிஸ் அவற்றில் ஐந்தை எடுத்து மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தாள். ஐந்தும் பிளந்தன. சோதனைத் தாளில் 'தோல்வி' என்று ஐந்து முறை எழுதினாள்.

தட்டச்சு செய்யும்போது கோமு அவளைப் பையக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, யூனிஸின் மேல் அவளுக்கு உண்மையாகவே பிரியம் உண்டு. "இந்தா பிள்ள, தோல்வின்னு எழுதுனா மேல போவாது. போனாலும் ஒன்னத்தான் பிடிப்பாவ. 'வெற்றி நிலுவை'ன்னு போட்டுருதேன். பொய்யும் இல்ல, பொல்லாப்பும் இல்ல" என்றாள். யூனிஸ் வேண்டாம் என்றாள். கோமு சரி என்று தலையாட்டிவிட்டு, வெற்றி நிலுவை என்றே அடித்தாள்.

அதற்குப் பிறகுதான் யூனிஸ் அந்தக் காரியத்தைச் செய்தாள். குருணை தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாகக் கடிதம் எழுதி, மாதிரிக்காக இலவசமாக ஒரு சிறு மூட்டை வரவழைத்தாள். மூன்று இருக்கைக்குப் போதும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அலி அஸ்கர் அதைக் கலவையில் சேர்த்து ஓட்டினார். பலகை ஆறிய பிறகு யூனிஸ் ஒரு துண்டை வளைத்தாள். உரியவில்லை. சுத்தியலால் அடித்தாள்; சுத்தியல்தான் எகிறியது. நுண்ணோக்கியில் குழிகளைக் காணோம். மூன்று இருக்கையிலும் மணல் மூட்டையை ஏற்றி இரண்டு நாள் விட்டுவைத்தார்கள். மூட்டைகளை இறக்கிவிட்டு அலி அஸ்கரே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு படித்த படிப்பு கைக்கு வந்த சந்தோஷம். அன்றே சோதனைத் தாளில் 'தேர்ச்சி' என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். இதைப் பார்த்தால் இயக்குநர் மீதி இருக்கைகளை நிறுத்திவைப்பார் என்று நினைத்தாள்.

இயக்குநர் பார்த்தார். பார்த்ததும் எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்தார். மூன்று மாதிரியும் தேறிவிட்டன. மீதி தொண்ணூற்றேழும் மாதிரியைப் பின்பற்றும் என்றார்.

"சார், மத்ததுல அந்தக் குருணை இல்ல. ஆள் உக்காந்தா ஒடஞ்சிரும்" என்றாள் யூனிஸ்.

உட்காருவதற்கு முன்பே உடையும் என்று நினைப்பது எதிர்மறை எண்ணம் என்று இயக்குநர் அவளைக் கனிவோடு கண்டித்தார். பயிற்சியில் சொன்னதெல்லாம் அதற்குள் மறந்துவிட்டதா என்றும் வருத்தப்பட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் திறப்பு விழா. மேடையில் மூன்று சமத்துவ இருக்கைகள் போட்டிருந்தன. எந்த மூன்று என்பதைக் கோமு கவனமாகப் பார்த்துக்கொண்டாள். தலைமையகத்திலிருந்து வந்திருந்த மூன்று பெரியவர்கள் அவற்றில் அமர்ந்தார்கள். மூவரும் பதவியிலும் எடையிலும் பெரியவர்கள். நடுவில் இருந்தவர் உட்கார்ந்தபடியே இரண்டு முறை எழும்பி எழும்பி அமர்ந்து காட்ட, கூட்டம் ஆரவாரித்தது. மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம்தான் வந்தது. மீதி இருக்கைகள் அன்று மதியமே லாரியில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டன.

யூனிஸ் கடைசி வரிசையில் நின்றிருந்தாள். தொண்ணூற்றேழு பொய்க்கும் சாட்சி சொல்ல மூன்று மெய்யைச் செய்து கொடுத்தவள் தான்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற அலி அஸ்கர், "நாம நல்லதுக்குச் செஞ்சது எப்படி வெனயா வந்து நிக்குது பாத்தீயளா மேடம்" என்றார்.

பதினோராம் நாள் சீவலப்பேரி நிறுத்தத்தில் நாலு பெண்கள் களையெடுப்பு முடிந்து டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். காலோய்ந்து போய் நாலு பேரும் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம் தாங்கியது. பிறகு பலகை நெடுக உரிந்து, மேல் ஏடு ஒரு பக்கமும் கீழ் ஏடு ஒரு பக்கமுமாகப் போனது. ஓரத்தில் இருந்தவர்கள் எப்படியோ எழுந்துகொண்டார்கள். நடுவில் இருந்த பேராச்சி கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது.

சேதி கிடைத்த அன்று பிற்பகலே யூனிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பேராச்சிக்கு ஐம்பது வயதிருக்கும்; ஒல்லியான உடம்பு. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இனி இந்தப் பிசான சாகுபடிக்கு வயலில் இறங்க முடியாது என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யூனிஸ் தான் யார் என்று சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். பேராச்சி திட்டவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"எம்மா, பேப்பர்ல பாத்தேன். மேடையில இருந்தவுகல்லாம் நல்ல கனத்த ஆளுவ. அவுகளுக்கு ஒடையல. எனக்கு மட்டும் எப்படிம்மா ஒடஞ்சுது?"

"அது வேற, இது வேறம்மா."

"பாத்தா ஒண்ணு போலத்தான இருந்துது."

"பாத்தாத் தெரியாது."

"ஒனக்குத் தெரியும்லா. நீ சொல்லலியா?"

எழுதிக் கொடுத்ததாக யூனிஸ் சொன்னாள்.

"எழுதுனியாக்கும்" என்றாள் பேராச்சி. "எங்க ஊருக்கு வந்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா தாயி."

பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் வழியாக நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றிலும் இளம்பச்சையாக ஒரு சமத்துவ இருக்கை. ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பேருந்திலிருந்து குதித்து இறங்கிவிட்டாள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டாள். அலி அஸ்கர் ஸ்கூட்டரை ஓட்ட, அவள் பசை வாளியோடு பின்னால் உட்கார்ந்தாள். ஒரு நிறுத்தம் விடாமல் போய், இருக்கையில் இருந்தவர்களை எழுப்பி, காரணத்தைத் தொண்டை வறளச் சொல்லி, 'உட்காராதீர்கள். உடையும்' என்று தாள் ஒட்டினார்கள். கீழே அவளுடைய பெயரும் பதவியும் இருந்தன. ஊர்க்காரர்கள் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. மஞ்சனத்தி மரத்தடியில், மதகின் மேல், கடை வாசலில் என்று பழையபடி நின்றும் குந்தியும் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர். மூன்று நாள். குழுவினர் சௌகரியமாக அமர்ந்து விசாரிக்க வேண்டும் என்று கூட்ட அறையில் மையத்தின் சொந்தத் தயாரிப்பான மூன்று இருக்கைகளையே போட்டிருந்தார் இயக்குநர். எந்த மூன்று என்பதைக் கோமு இந்த முறையும் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

அறிக்கையை நேர்மையின் சிகரம் என்றே சொல்ல வேண்டும். குழு யார் சொல்லையும் நம்பவில்லை. தன் சொந்த அனுபவத்தை மட்டுமே நம்பியது. மூன்று நாளும் அந்த இருக்கைகளிலேயே அமர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, மதியத்தில் சற்றே கண்ணயர்ந்தும் பார்த்ததில் இருக்கைகளில் எந்தக் குறையும் காணவில்லை. மேலும், சீவலப்பேரி நிகழ்வுக்குப் பிறகு வேறெந்த ஊரிலும் ஒரு இருக்கைகூட உடையவில்லை என்பதால் அவற்றின் தரம் 'ஐயத்துக்கு இடமின்றி' நிறுவப்பட்டது. சீவலப்பேரியில் நால்வரும் ஒருவரோடொருவர் இணக்கமின்றி அமர்ந்திருக்கலாம் என்று குழு கருதியது.

யூனிஸை மூன்றாம் நாள் மாலைதான் அழைத்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குருணை, பணியாரக் குழி, தோல்வி ஐந்து, தேர்ச்சி மூன்று. கடைசியில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மூன்றில்தான் அந்தக் குருணை இருக்கிறது, வாசலுக்கு வெளியே இருக்கும் எதிலும் இல்லை என்றாள். நிறுத்தங்களில் இருப்பதில் ஒன்றை உள்ளே கொண்டுவரச் சொல்லட்டுமா என்றும் கேட்டாள்.

குழுவின் தலைவர் பாதி எழுந்தார். தன் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார். திருப்தியாகத் திரும்ப உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் கோமு ஒரு உறையோடு சோதனைக் கூடத்துக்கு வந்தாள். எப்போதும் ஆளனுப்புகிறவள் இந்தமுறை தானே கொண்டுவந்தாள். யூனிஸின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் பிள்ள, நல்லா யோசிச்சு எழுது என்றாள்.

உள்ளே குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருந்தது. தாள் ஒட்டியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பேராச்சியின் கையைப் பற்றியும் இல்லை. குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: 'மையத்தின் அங்கீகரிக்கப்பட்ட கலவை முறைக்கு மாறாக, மேலிடத்தின் முன் அனுமதி ஏதுமின்றி, மூன்று இருக்கைகளைத் தாங்கள் உடையாதவாறு தயாரித்தது ஏன்?'

யூனிஸ் ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கோமு நிற்கும்போதே பேனாவை எடுத்து, கோடிட்ட இடத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்.

கோமு படித்தாள். இத இப்படியே அனுப்பவா என்று கேட்டாள். திருத்தாமல் அனுப்புங்கள் என்றாள் யூனிஸ். அந்த ஒரு வரியைக் கோமு ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்து அனுப்பினாள். தலைமையகத்தில் அதன் பொருள் விளங்காமல் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள் என்று கேள்வி:

'அதில் ஆட்கள் உட்காருவார்கள் என்று நினைத்தேன்.'